போட்டுக்கொடுத்த ஜெயவேலு

ஆம்பூர் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தபோது ஜெயவேலுவின் மகன் போன் செய்தான். "அப்பா போய்ட்டாரு மாமா. நெஞ்சு வலிக்குதுன்னாரு. வேலூருக்குக் கூட்டினு போனோம், பள்ளிகொண்டா தாண்டல." போனை வைத்துவிட்டான். நான் ஏற வேண்டிய பேருந்து வந்தது, போனது. நான் ஏறவில்லை.

மரியாதைக்கு ‘அவர்’ என்று எழுத வேண்டும். எனக்கு வராது. ஒன்றாகப் பட்டாளத்தில் சேர்ந்தோம், ஒரே பட்டறையில் ஸ்பேனர் பிடித்தோம், ஓய்வுக்குப் பிறகு ஒரே தோல் தொழிற்சாலையில் மெயின்டெனன்ஸ் வேலை பார்த்தோம். இதைப் படிக்கிற உங்களில் பலர் அதே தொழிற்சாலைக்காரர்கள். அவனைப் ‘போட்டுக்கொடுக்கிறவன்’ என்று சொன்னவர்கள். சாவுக்கு வந்து மாலை போட்டுவிட்டு, வாசலில் நின்று அதையே மெல்லப் பேசிக்கொண்டிருந்ததும் என் காதில் விழுந்தது. உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். அவன் இருந்தவரை இதைச் சொல்லவிட்டதில்லை.

வடக்கே பனிமலையில் எங்கள் பட்டறை இருந்தது. மேலே இருந்த முகாமுக்குச் சரக்கு கொண்டுபோகவும், அங்கே மூச்சு முட்டி விழுகிறவர்களைக் கீழே கொண்டுவரவும் ஒரே வண்டிதான். சக்கரம் கிடையாது, இரண்டு பக்கமும் பட்டைச் சங்கிலி. ஸ்டியரிங்குக்குப் பதில் இரண்டு லீவர். வலது லீவரை இழுத்தால், இன்ஜின் விசையை இரண்டு சங்கிலிக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் பெட்டிக்குள் வலது பக்கப் பிரேக் பட்டை இறுகும், அந்தப் பக்கச் சங்கிலி மெதுவாகும், வண்டி வலப்பக்கம் திரும்பும். அதை ஓட்டியவன் ஏகாம்பரம், ஜோலார்பேட்டைக்காரன், எங்கள் தோஸ்த்.

ஒரு குளிர்காலத்தில் அந்த டிஃபரன்ஷியல் சூடேற ஆரம்பித்தது. மூச்சே மீசையில் உறைகிற குளிரில் அதன் மேல் கை வைக்க முடியவில்லை. ஆயில் கறுத்து, தீய்ந்த வாடை அடித்தது. ஜெயவேலு ஆயிலை மாற்றினான். பேரிங்கைக் கழற்றிப் பார்த்தான். இரண்டு சங்கிலியின் இறுக்கத்தையும் ஒன்றாக்கினான். பிரேக் பட்டைகள் தேய்ந்திருந்தன, ஆனால் இரண்டு பக்கமும் சமமாக. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அட்ஜஸ்ட்மென்ட் கோளாறு என்று பிடித்திருப்போம். புதுப் பட்டை போட்டு மைதானத்தில் ஓட்டிப் பார்த்தால் சூடே இல்லை. மேலே போய் வந்தால் அடுப்பு. "இன்னாடா இது, நம்ம எதிர்ல நல்ல புள்ளயா இருக்குது, அந்தாண்ட போனா ஆட்டம் காட்டுது" என்றான்.

கடைசியில் அவனே வண்டியில் ஏறிப் போனான். வந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "கோளாறு வண்டில இல்ல. ஏகாம்பரம் கையில இருக்குது." மேலே போகும்போது பாதையின் இடப்பக்கம் முழுக்கப் பள்ளம். முந்தைய குளிர்காலத்தில் ஏகாம்பரத்தின் கூட்டாளி ஒருவன் அப்போதிருந்த வண்டியோடு அதில் விழுந்து போய்விட்டான். அதிலிருந்து ஏகாம்பரம் ஏறும்போது வலது லீவரையும் இறங்கும்போது இடது லீவரையும் மலைப்பக்கமாக லேசாக இழுத்தபடியே இருந்தான். வண்டி திரும்புகிற அளவுக்கு இல்லை, பட்டை உரசிக்கொண்டே வருகிற அளவுக்கு. கேட்டால், "நான் எங்கடா புடிச்சேன்?" என்றான். அது பொய் இல்லை. பயம் பிடித்த கை, அவனுக்கே தெரியாது.

இதை அதிகாரிக்கு எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். எழுதினால் ஓட்டத் தகுதியில்லை என்று ஏகாம்பரத்தைக் கீழே அனுப்புவார்கள், அடுத்த பதவி போகும், ஊரில் பேசி வைத்த கல்யாணம் நிற்கும். நம் பக்கத்து ஆள் ஆயிற்றே. ஜெயவேலு எழுதவில்லை. "நான் கூடப் போய்க்கிறேன், ஒரு கண்ணு வச்சுக்கிறேன்" என்றான். நானும் சரி என்றேன். ஒவ்வொரு முறையும் பக்கத்தில் உட்கார்ந்து, "கைய எடு, கைய எடு" என்று சொல்லிக்கொண்டே போய் வந்தான். சூடு இறங்கிவிட்டது. ஊர்க்காரனைக் காப்பாற்றிவிட்டோம் என்று எங்களுக்குப் பெருமை வேறு.

பிறகு ஜெயவேலு காய்ச்சலில் படுத்தான். அன்று பார்த்து மேல் முகாமில் ஒரு சிப்பாய்க்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. ஏகாம்பரம் தனியாகப் போய் அவனை ஏற்றிக்கொண்டு இறங்கினான். பாதி வழியில் புகை வந்தது. இன்னும் கொஞ்ச தூரத்தில் உள்ளே இறுகிப் பிடித்துக்கொண்டு வண்டி நின்றுவிட்டது. முகாமிலிருந்து நோயாளியோடு வந்த ஆட்களும் ஏகாம்பரமும் ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு பனியில் நடந்தார்கள். சிப்பாய் உயிரோடு வந்து சேரவில்லை. அவன் பெயரை ஜெயவேலு கடைசிவரை வாயால் சொன்னதில்லை.

விசாரணையில் பழியை ஆயில்மேல் போட்டு முடிக்க இருந்தார்கள். ஜெயவேலு போர்வையோடு எழுந்துபோய், எனக்கு முன்னமே தெரியும், மறைத்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னான். அவன் பதவி உயர்வு போயிற்று. ஏகாம்பரம் கீழே போனான், கல்யாணமும் நின்றது. லீவில் ஊருக்கு வந்தபோது ஏகாம்பரத்தின் அக்கா கடைத்தெருவில் எங்களை மடக்கினாள். "செத்தவன் செத்துட்டான். எந்தம்பிய ஏன்யா போட்டுக் குடுத்த?" ஜெயவேலு நிமிர்ந்து பார்க்கவில்லை. "லேட்டா குடுத்துட்டேன்க்கா" என்றான். அவளுக்கு அது விளங்கவில்லை. நான் அவனை இழுத்துக்கொண்டு வந்தேன்.

நீங்கள் பார்த்தது அதற்குப் பிறகான ஜெயவேலுவை. தோல் சுழலும் டிரம் அருகே வேலை பார்த்த பாபுவுக்கு வலிப்பு வருவது உங்கள் எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் அவனுக்காக மூடி மறைத்தீர்கள். ஜெயவேலு தெரிந்த அன்றே ஆபீசில் சொல்லி அவனைப் பேக்கிங்குக்கு மாற்ற வைத்தான். பாபுவுக்குச் சம்பளம் கம்மியாயிற்று. அதன் பிறகு கேன்டீனில் ஜெயவேலுவின் மேஜையில் யாரும் உட்காரவில்லை. நான் மனம் பொறுக்காமல் கேட்டேன். "திட்றவன் உயிரோட இருந்து திட்டட்டும்" என்றான். சாவு வீட்டுக்குப் பாபு வந்திருந்தான். "எனக்கு இன்னும் கோவம் போகல சார். ஆனா தூக்கறதுக்கு வந்தேன்" என்றான். சுடுகாடு வரை தோளை மாற்றிக்கொள்ளாமல் தூக்கினான்.

ஜெயவேலுவிடமிருந்து எனக்குக் கிடைத்தது சுகமான சொத்து அல்ல. கருமாதி முடிந்து திரும்பும்போது என் மைத்துனன் கூட வந்தான். ஷூ கம்பெனிப் பெண்களைக் கிராமங்களிலிருந்து ஏற்றிவரும் பஸ்ஸின் டிரைவர் அவன். "சாயங்காலமானா எதிர்வண்டி தெரிய மாட்டேங்குது மாமா. வெளிய சொல்லிடாதீங்க" என்றான். வீட்டில் என் மனைவியும் கையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு பொண்ணப் பெத்து வச்சிருக்கான், வாயத் தொறக்காத" என்று அழுதாள். மறுநாள் ஷூ கம்பெனி ஆபீசுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன்.  இப்போது மனைவி சோறு போடுகிறாள், பேசுவதில்லை. மைத்துனன் தெருவில் என்னைக் கண்டால் திரும்பிக்கொள்கிறான். இன்று சாயங்காலம் அந்த பஸ்ஸை வேறு ஆள் ஓட்டிக்கொண்டு போனான். பெண்கள் ஜன்னலோரத்துக்குச் சண்டை போட்டு, சிரித்துக்கொண்டே போனார்கள்.