மாமனார் கையில் தேய்ந்த கத்தி

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். ஒன்றுகூட என் சொல்லைக் கேட்டு வளரவில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் எங்களுக்குச் சலூன். வீட்டுக்காரர் போனபின் பெரிய மகன் பார்க்கிறான். இப்போதெல்லாம் தலைக்கு ஒரு பிளேடு. ஆனால் எங்கள் வம்சத்துப் பிள்ளைக்கு முதல் மொட்டை என்றால், முதல் இழுப்பு என் மாமனாரின் சவரக்கத்தியால்தான். அவர் விட்டுப்போன கத்திகள் இரண்டு. ஒன்று என்னிடம், இன்னொன்று எளாவூரில் இருக்கும் ஓரகத்தியிடம். அவர் தினம் தொழில் செய்தது எதனால் என்று யாருக்கும் தெரியாது. என்னுடையதுதான் என்று நானும், அவளுடையதுதான் என்று அவளும் இந்த வயதுவரை சொல்லிக்கொண்டிருந்தோம்.

போன ஆடியில் இரண்டு வீட்டுக் கொள்ளுப்பேரன்களுக்கும் குலதெய்வம் கோயிலில் ஒரே நாளில் மொட்டை. "எதுன்னு ரெண்டு பேரும் பேசி முடிங்க. ஒரு கத்திதான் தொடுவேன்" என்று சொல்லிவிட்டான் மகன்.

ஓரகத்தி தன் கத்தியின் பிடியை முந்தானையில் பரபரவென்று தேய்த்து, எல்லார் மூக்கருகிலும் நீட்டினாள்.

"மோந்து பாருக்கா, சூடம் வாசனை! மாமா சாமியாயி இதுலதான் குந்திகினு கீறாரு."

சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. என்னுடையது கொம்புப் பிடி. அதையும் தேய்த்து மோந்தாள்.

"இதுல இன்னா, ஆட்டுக்கால் சூப்புதான் வருது."

"அடி போடி! அந்தக் காலத்துல சூடம் கலந்துதான் இந்த மாதிரி பிளாஸ்டிக் பிடி செய்வான். சீப்புகூட செஞ்சான். உன் மாமா சீப்புலயும் குந்திகினு இருந்தாரா?"

அவள் வாயை அடைக்க இரண்டு கத்தியையும் வாங்கிப் பார்த்தேன். பிடியை எவனும் மாற்றலாம், அலகைத்தான் பார்க்கவேண்டும். நகத்தால் சுண்டினேன். இரண்டும் கணீரென்றன, நல்ல இரும்பு. பிறகு முதுகைப் பார்த்தேன். கல்லில் படுக்கவைத்துத் தீட்டுவதால், விளிம்போடு முதுகும் தேயும். என் கத்தியின் முதுகு கல்யாணப் பெண் கன்னம்போல் உருண்டையாக இருந்தது. வயதில் இது மூத்ததாகவே இருக்கலாம். ஆனால் வேலைக்குப் போனதில்லை, எங்கள் வீட்டு ஆம்பளைகள் சிலரைப் போல. அவளுடையதோ முதுகு இரண்டு பக்கமும் பட்டையாகி, அலகு பாதியாக ஒடுங்கிக் கிடந்தது. ஊர்த் தலையெல்லாம் வழித்த கத்தி அதுதான்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். மூத்தவள் நான் சொல்வதுதான் எடுபடும். வாயில் இருந்த வெற்றிலையை மென்று முடிக்கிறவரை யோசித்தேன். பிறகு அவள் கத்தியை மகனிடம் நீட்டி, "இதுதான்" என்றேன்.

"பாத்தியாக்கா, உன் வாயாலயே சாமி சொல்ல வெச்சிடுச்சி!"

"சாமியும் இல்ல, பூதமும் இல்ல. தேய்மானம் சொல்லிச்சி."

முதலில் என் கொள்ளுப்பேரனை அவளே மடியில் வைத்துக்கொண்டாள். கத்தி தலையில் பட்டதுதான் தாமதம், அவள் பட்டுப்புடவையில் சர்ரென்று ஒன்றுக்கு அடித்தான் பயல்.

"மாமா தீர்த்தம் குடுக்கிறாரு, வாங்கிக்கடி" என்றேன்.

இன்னா பேத்தி, எழுதிட்டியா? எங்க, மொதல்லேர்ந்து படி. உன் சின்னப் பாட்டிய நல்லவளா மாத்தி எழுதினியான்னு பாக்கணும்.