என் பிறந்த வீட்டு வெள்ளை நாய்

எங்கள் வெள்ளை நாய்க்குக் காது கேட்காது என்பது எனக்கு மூன்று வருடமாகவே தெரியும். ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டேன். சூலூர்ப் பக்கம் நாங்கள் வீடு கட்டிக் குடிபோனபோது, அந்தியூரிலிருந்து என் அண்ணன் பித்தளை அண்டாவோடும் அரிசி மூட்டையோடும் இந்த ராஜபாளையம் குட்டியையும் சீராகக் கொண்டுவந்து இறக்கினார். பிறந்த வீட்டுச் சீரில் குறை என்று எந்தப் பெண் வாய்விட்டுச் சொல்வாள்?

குக்கர் விசிலோ தீபாவளி வெடியோ, எதற்கும் அவள் தூக்கம் கலையாது.

"ஏம்புள்ள, உங்க ஊட்டு நாய் செவுடா?" என்பார் வீட்டுக்காரர்.

"மரியாதையாக் கூப்புடுங்க. எங்க ஊட்டுல அதட்டுனா யாரும் திரும்ப மாட்டாங்க" என்பேன். அவர் சிரிப்பார், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் வெளியே போனதும் தரையைக் காலால் தட்டுவேன். அதிர்வு தெரிந்து வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வருவாள். அப்படியொரு செல்லம் என் பிள்ளைகளிடம்கூட நான் காட்டியதில்லை.

தடுப்பூசி போடப் போன இடத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. வெள்ளை நாய்களுக்குப் பரம்பரையாக வரும் செவிட்டுத்தன்மை பற்றி ஆராய்ச்சி நடக்கிறது, நாய் வைத்திருப்பவர்கள் பதிவு செய்யலாம் என்று. என்னைக் கேட்காமலே வீட்டுக்காரர் பேர் கொடுத்துவிட்டார். அன்றைக்கு அவருக்கு ரசம் மட்டும்தான்.

பரிசோதனை நாளில் அவள் தலையில் முடி போன்ற ஊசிகளைச் செருகி, காதுக்குள் 'டக் டக்' என்று சத்தம் அனுப்பினார்கள். கேட்கிற நாய்க்குக் கம்ப்யூட்டர் திரையில் கோடு மேடும் பள்ளமுமாக ஓடுமாம். எங்களவளுக்கு இரண்டு காதுக்கும் கோடு நேராகப் போனது. ஆராய்ச்சி செய்த டாக்டரம்மா சின்னப் பெண். "ரெண்டு காதும் கேக்காதுங்கம்மா" என்றாள் தயங்கித் தயங்கி. வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

"இவளோட அப்பா அம்மா ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சொந்தமாங்க?"

சொந்தம்தான். இரண்டும் ஒரே ஈத்தில் பிறந்த குட்டிகள். "தெரியாதுங்க" என்று கூசாமல் பொய் சொன்னேன். டாக்டரம்மா வற்புறுத்தவில்லை. அது தெரிந்தால்தான் இப்போது எடுத்த ரத்தம் ஆராய்ச்சிக்கு முழுசாகப் பயன்படும், அதே ஜோடியைச் சேர்த்தால் இன்னும் செவிட்டுக் குட்டிகள் பிறக்கலாம் என்று மட்டும் சொன்னாள்.

அதே ஜோடியை இந்த மாதம் மறுபடி சேர்க்கப் போவதாக அண்ணன் போன வாரம்தான் சொல்லியிருந்தார். பிறக்கப்போகும் குட்டிகளுக்கு எங்கள் உறவுக்காரர்கள் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்கள். சத்தியமங்கலம் ரோட்டோரத்தில் இருக்கும் என் மகளும் அதில் ஒருத்தி. பின்னால் வரும் லாரியின் ஹாரன் கேட்காத ஒரு குட்டி அந்த ரோட்டில் எத்தனை நாள் இருக்கும்? வீட்டுக்கு வந்ததும் போன் போட்டேன்.

பெண் பார்க்கப் போனால் முதலில் என்ன கூட்டம், என்ன குலம் என்று விசாரிப்பவர் என் அண்ணன். ஒரே கூட்டம் என்றால் அண்ணன் தங்கை முறை என்று காபியைக்கூடத் தொடாமல் எழுந்து வந்துவிடுவார்.

"கல்யாணத்துக்குப் பாக்கத் தெரியுதல்லங்ண்ணா, நாய்க்குப் பாக்க மாட்டீங்களா?"

"வேற ரத்தம் கலந்தா சாதி கெட்டுப்போகுமுன்னு நெனச்சுப்போட்டேன் கண்ணு." பிறகு சொன்னார். "அவளுக்குக் கேக்காதுன்னு தெரிஞ்சுதான் உனக்குக் கொண்டாந்தேன். வேற ஊட்டுக்குப் போனா ரோட்டுல உட்டுப்போடுவாங்க. நீ உட மாட்டே. அவகூடப் பொறந்தது இன்னும் மூணு, அப்புடித்தான் இங்க தோட்டத்துல கெடக்குது."

மூன்று வருடமாக யாருக்காகப் பொய் சொன்னேனோ, அவர் என்னிடமே மறைத்திருக்கிறார். வாய்க்கு வந்தபடி திட்டினேன். நீ உட மாட்டே என்று சொன்னாரே, அதை நினைத்து அழவும் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மினி லாரியில் தாய், தகப்பன், அந்த மூன்று என்று ஐந்து நாய்களையும் ஏற்றிக்கொண்டு வந்தார். குட்டி கேட்டவர்களுக்கெல்லாம் இனி இல்லை என்று சொல்லிவிட்டாராம். பரிசோதனை செய்த இடத்திலேயே அவற்றுக்கும் ரத்தம் எடுத்தார்கள். டாக்டரம்மா அதே கேள்வியைக் கேட்டாள்.

"கூடப் பொறந்ததுகளுங்க. தப்பு என்ற மேலதானுங்க" என்றார் அண்ணன், என் வீட்டுக்காரர் முன்னாலேயே. எங்கள் வீட்டில் தலை குனிந்து அறியாத மனிதர். என்னால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எங்கள் வீட்டுக்கு வந்தும் அண்ணன் வண்டியை விட்டு இறங்கவில்லை. வேலை கிடக்கிறது, கிளம்புகிறேன் என்றார். தங்கை வீட்டில் கை நனைக்காமல் அண்ணன் போவதென்றால் உறவே அறுந்தது என்றுதான் எங்கள் ஊரில் அர்த்தம். வீட்டுக்காரர் வண்டியின் பின்பக்கம் போய், கேட்காத மூன்றில் ஒன்றின் கயிற்றை அவிழ்த்தார்.

"இதை இங்க உட்டுட்டுப் போங்க மச்சான்."

"அதுக்கும் கேக்காதுங்க மாப்ள."

"தெரியுமுங்க. எறங்கி வந்து சாப்புடுங்க."