கன்னத்தில் வைத்த பொட்டு

கையெழுத்துப் போடுவதே எனக்குப் பெரிய பாடு. ஆனால் பீங்கான் பொம்மைக்குக் கண் எழுதுவதில் விருத்தாசலத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கென்ன வெட்கம்?

போன வருஷம், ஸ்ரீமுஷ்ணம் பக்கம் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்கப் புறப்பட்டேன். அங்கே சும்மா உட்கார முடியாதென்று, சூளையில் வெந்த பொம்மைத் தலைகள் கொஞ்சம், கறுப்புச் சாயம், பிரஷ் எல்லாம் பையில் வைத்துக்கொண்டேன். வழியில் ஒரு கிராமத்தில் இறங்கி, அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தேன்.

பக்கத்துக் கடை வாசலில் விளையாடிய பெண் குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. நல்ல லட்சணம். எங்கள் பட்டறைக்கு யார் குழந்தையோடு வந்தாலும், கண் எழுதுகிற பிரஷாலேயே கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்துத்தான் அனுப்புவோம். அதே பழக்கத்தில் இதற்கும் வைத்துவிட்டேன்.

“ஏய், யாரு நீ? புள்ள மூஞ்சில என்னாத்த தடவுற?” என்று கடைக்காரன் கத்தினான்.

நான் எழுந்து நிற்பதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று செல்போனில் செய்தி சுற்றிக்கொண்டிருந்த நேரம். ஒருவன் பையைப் பிடுங்கிக் கவிழ்த்தான். கண்ணில்லாத வெள்ளைத் தலைகள் தரையில் உருண்டன.

“வசிய மைடா! இத வச்சா புள்ள தானா பின்னால போயிடும்.”

“மூஞ்சப் பாரேன், நல்ல வூட்டு பொம்பள மாதிரி! கட்டுங்கடா கம்பத்துல.”

“பொம்மைக்குக் கண்ணு எழுதுறவப்பா நான்” என்றேன்.

“யாரு கண்ணப் புடுங்கி எழுதுவ?” என்று ஒருத்தி கேட்க, சிரித்தார்கள். ஒரு கை என் கொண்டையைப் பிடித்தது. முகத்துக்கு நேரே ஒரு போன் நீண்டது.

அவர்கள் ரவுடிகள் இல்லை. பால் வாங்க வந்தவர்கள், ஸ்கூலிலிருந்து பிள்ளையைக் கூட்டிப்போக வந்தவர்கள். அதுதான் எனக்குப் பயம். கெட்டவனிடம் கெஞ்சிப் பார்க்கலாம். பிள்ளையைக் காப்பாற்றுகிறோம் என்று நம்புகிறவனிடம் என்ன சொல்லிக் கெஞ்சுவது?

குழந்தையின் அம்மா ஓடி வந்தாள். குழந்தையைத் தூக்கினாள், பிறகு கீழே கிடந்த ஒரு தலையை எடுத்துப் பார்த்தாள்.

“விடுங்க அவங்கள! எங்கம்மா வூடு விருத்தாசலம்தான். எங்க தெருவெல்லாம் இந்த பொம்மதான் கெடக்கும். இதுவாடா சூனியம்?”

கொண்டையிலிருந்து கை விலகியது. “யாருன்னு முன்னாலயே சொல்றதுதான?” என்று கடைக்காரன் என்னையே கடிந்துகொண்டான். கொண்டையைப் பிடித்தவன்தான் பஸ்ஸை நிறுத்தி ஏற்றிவிட்டான். “பாத்து ஏறுங்க ஆயா.”

பஸ்ஸில் பக்கத்திலிருந்த பெண் போனை நீட்டினாள். “பாத்தீங்களா? புள்ள புடிக்கிறவள புடிச்சிட்டாங்களாம். எல்லாருக்கும் அனுப்பிட்டேன். இவளையெல்லாம் கொன்னு போடணும்.”

தலை கலைந்து, வாய் கோணி, அதில் நான்தான் நின்றேன். அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மகள் ஊர் வந்தது. கண்டக்டர் இரண்டு முறை கூப்பிட்டார். இறங்கக் கால் வரவில்லை. கீழே நிறுத்தத்தில் நின்ற ஒவ்வொருவர் கையிலும் போன் இருந்தது.