குட்டைக்கும் ஒல்லிக்கும் பிறந்த பட்டாணி

தையற்கடை வைத்திருந்த அவளைத் தெருவில் எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஊசி பிடிக்கிறவள் என்பதற்காக மட்டுமில்லை. ஒரு விஷயம் மனதில் தைத்துவிட்டால் லேசில் விடமாட்டாள்.

அந்த வருஷம் தைத்தது பட்டாணி. மொட்டைமாடித் தொட்டிகளில் இரண்டு ரகம் வளர்த்தாள். ஒன்று கட்டைக்குட்டை, தடித்த தண்டு, நெருக்கமான கணுக்கள். இன்னொன்று ஒல்லி, கணுவுக்குக் கணு நீள இடைவெளி, ஆனால் சீக்கிரமே களைத்து நின்றுவிடும். இரண்டுமே அவள் இடுப்பைத் தாண்டியதில்லை.

“இதையும் அதையும் சேத்தா என்ன ஆகும்?” என்று பேருந்து ஓட்டிவிட்டு வந்த கணவனிடம் கேட்டாள்.

“பூவுக்கு மாப்பிள்ளை பாக்கப் போறியா?” என்று சிரித்தார் அவர்.

நிஜமாகவே பார்த்தாள். பட்டாணிப்பூ விரிவதற்கு முன்பே தன் மகரந்தத்தைத் தானே பூசிக்கொண்டு காரியத்தை முடித்துவிடும். அதனால் குட்டைச்செடியின் மொட்டுகளை முன்கூட்டியே பிரித்து, மகரந்தப் பைகளைக் கிள்ளிவிட்டு, ஒல்லியின் மகரந்தத்தைத் தடவினாள். மணி தைக்கும் இடுக்கிதான் ஆயுதம். தொட்ட மொட்டெல்லாம் உதிர்ந்தன. கடைசியாகத் தொட்டது மட்டும் பிடித்துக்கொண்டு காய்த்தது.

அந்த விதைகளை அடுத்த பருவத்தில் ஊன்றினாள். அப்பப்பா, என்ன வேகம்! அப்பன் ஆத்தாளை ஒரே மூச்சில் தாண்டி, கட்டிய கயிற்றையும் தாண்டி, துணிக்கொடியை எட்டிப் பிடித்தன செடிகள். தாயின் தடிமன், தகப்பனின் நீளமான கணு இடைவெளி, இரண்டு பக்கத்துச் சொத்தும் சேர்ந்து வந்திருந்தது.

“என்னங்க! சோறு கெடக்கட்டும், மேல வாங்க!”

கையைக்கூடக் கழுவாமல் ஓடிவந்தவர் அண்ணாந்து பார்த்தார். “அடேங்கப்பா! நம்ம பொண்ணு நம்ம ரெண்டு பேரையும் தாண்டி வளந்தாளே, அந்தக் கதைதான்.”

அந்தச் செடிகளின் விதையை விதைத்தபோது மாடி அலங்கோலமானது. ஒன்று நெட்டை, ஒன்று குள்ளம், ஒன்று நோஞ்சான். “போச்சே அண்ணி! அந்த வீரியமெல்லாம் எங்க போச்சு?” என்று நாத்தனார் உச்சுக்கொட்டினாள்.

“கலப்போட முதல் பிள்ளைங்களுக்குத்தான் அந்தத் துள்ளல். அடுத்தது ஒவ்வொண்ணும் ஒரு பக்கம் இழுக்குமாம், விதைக்கடைக்காரர் சொன்னாரு” என்றபடி தொட்டி தொட்டியாகத் தேடியவள், தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் கத்தினாள். “ஏய், இங்க வாயேன்! கணுவுக்குக் கணு ஜோடிக்காய்!”

செடி நடுத்தர உயரம்தான். ஆனால் திடமாக நின்றது. ரெட்டை ரெட்டையாகக் காய் தொங்கியது. நாத்தனாரைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள்.

அதன் விதையை மட்டும் பொறுக்கி, ஜோடிக்காய் தருகிறவற்றையே திரும்பத் திரும்பப் போட்டாள். சில வருஷங்களில் குணம் நிலைத்தது. விதை கேட்டு வருகிறவர்களுக்குக் கை நிறைய அள்ளிக் கொடுக்கிறாள்.

அதோடு விட்டாளா? இப்போது ஊதாக்காய் ரகம் ஒன்று வந்து இறங்கியிருக்கிறது. மொட்டு விட்டதா என்று காலையில் முதல் ஆளாக மாடியேறுகிறவர், பேருந்து ஓட்டுகிறவர்தான்.