ஏறாத பஸ்ஸும் சாமிக்கண்ணு அண்ணனும்

கீரமங்கலம் பஸ்ஸிலிருந்து இறங்கிய வெற்றிலை வியாபாரி ஒருவர்தான் சேதி சொன்னார். “பஸ் பாட்டுக்காரரு காலையில போயிட்டாருங்க.” எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. ஆயுசெல்லாம் கச்சேரி செய்த சாமிக்கண்ணு பாகவதருக்கு இந்த ஊர் வைத்த பெயர் அதுதானா? பன்னிரண்டு வருஷம் அவருக்கு மிருதங்கம் வாசித்தவன் நான். இந்தக் கோபத்தால் அவருக்கு நான் செய்த கேட்டைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

யுத்தத்துக்கு வெகு முன்பு, இளவயதில், அண்ணன் சென்னைக்குப் போய் ஒரு கிராமபோன் பிளேட் கொடுத்தார். ஒரு பக்கம் கீர்த்தனை. மறுபக்கத்துக்கு வேடிக்கையாக ஏதாவது வேண்டும் என்று கம்பெனிக்காரர்கள் கேட்க, நார்த்தாமலை மேட்டில் ஏற மாட்டாமல் நின்றுபோகும் பஸ்ஸைப் பற்றி அங்கேயே கட்டிப் பாடிவிட்டார். கீர்த்தனைப் பக்கத்தை யாரும் சீண்டவில்லை. புதுக்கோட்டைச் சீமையில் மாட்டுவண்டிக்காரர் முதல் வக்கீல் வரை எல்லார் வாயிலும் பஸ் பாட்டுதான்.

வித்வான்கள் அதைக் கோமாளித்தனம் என்றார்கள். நானும் சொன்னேன். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு கேட்டிருக்கிறோம்! பஸ் இருமுவதைத் தொண்டையிலேயே கொண்டுவருவார். ஒரு இருமல்கூடத் தாளம் தப்பாது. “இறங்கித் தள்ளுங்க சாமி” என்று கண்டக்டர் கெஞ்சுவது இரண்டு தட்டுக்கு நடுவே, சரியாக அரை இடத்தில் வந்து விழும். கடைசிச் சரணத்தில் ஜனங்கள் நடந்தே ஊர் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். பஸ் மட்டும் மேட்டடியில் தனியாக நிற்கும். அதை முகாரியில் பாடுவார். அதுவரை சிரித்த கூட்டம் அடங்கிவிடும். ஒரு பஸ்ஸுக்காக மனிதர்களைக் கண்கலங்க வைப்பது லேசுப்பட்ட காரியமா?

விரும்பிய பாட்டைச் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்புவது கச்சேரி வழக்கம். குன்றாண்டார்கோவில் திருவிழாவில் அவர் தோடியில் மூழ்கியிருந்தபோது ஒரு சீட்டு வந்தது. ‘பஸ் பாட்டு’ என்றிருந்தது. அண்ணன் முகம் சுண்டிப்போயிற்று. மேடையிலிருந்து இறங்கும்போது, “தோடி எவனுக்கு வேணும் தம்பி? நான் ஹாரன் அடிச்சாத்தான் இவனுகளுக்குச் சங்கீதம்” என்றார். சீட்டுகள் மேடையோரம் உட்காரும் என் கைக்குத்தான் முதலில் வரும். அன்று முதல் பஸ் பாட்டுச் சீட்டையெல்லாம் மிருதங்க உறைக்குள் திணித்துவிட்டேன். கேட்காமல் அவர் அதைப் பாட மாட்டார். அண்ணனின் மானத்தைக் காப்பாற்றுவதாக எனக்கு நினைப்பு. நாலு வருஷம் இப்படியே ஓடியது.

போன மாதம் பார்க்கப் போனேன். எலும்பும் தோலுமாகக் கட்டிலில் கிடந்தார். “இங்கிட்டு வா தம்பி” என்று பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கேட்டார்.

“அந்தப் பாட்ட இப்பல்லாம் ஒருத்தரும் கேக்குறதில்லையே, ஏன்? மத்ததெல்லாம் பெரியவங்க பாட்டு. அது ஒண்ணுதான் நான் பெத்தது.”

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. “ஜனங்க ரசனை மாறிப்போச்சுண்ணே” என்றேன், பாவி.

“சரி, விடு” என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது திரும்பிப் படுத்த அந்த முதுகுதான். சீட்டு அனுப்பியும் பாடவில்லையே என்று அவர்மேல் மனத்தாங்கல் கொண்டவர்களே, அவர் உங்களை அலட்சியம் செய்யவில்லை. நீங்கள் கேட்டது அவருக்குத் தெரியவே தெரியாது. தெரிந்திருந்தால் அந்தக் கட்டிலிலேயே எழுந்து உட்கார்ந்து பாடியிருப்பார்.