கொத்தணி என்று எழுதியவள்

போரின் கடைசி ஆண்டுகளில் மன்னார்த் தீவில் மின்சாரம் அடிக்கடி நிற்கும். வானம் மட்டும் தாராளமாகக் கிடைத்தது. நான் அப்போது பள்ளிமுனையில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வைகாசியில், பொழுதுபட்டு ஒரு மணித்தியாலம் போனால், தெற்கே கடலுக்கு மேலே மங்கலான ஒரு பொட்டுத் தெரியும். வெறுங்கண்ணுக்கு அது ஒற்றை நட்சத்திரம், எங்கள் பேச்சில் வெள்ளி. உண்மையில் பல லட்சம் வெள்ளிகள் பந்தாகத் திரண்ட கூட்டம். பாடப் புத்தகத்தில் அதற்குக் கோளக் கொத்தணி என்று பெயர்.

எதையும் ஒழுங்காக எழுதிவைக்காவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். ஒரு கொப்பியில் நாள், நேரம், திசை போட்டு எழுதினேன். "7.50. தெற்கு. கொத்தணி தெளிவாகத் தெரிந்தது." மறுநாள், "8.10. கொத்தணி. சிதறல் இல்லை." பிள்ளைகளுக்குக் கொடுக்க அதைப் போட்டோக்கொப்பி எடுத்துவரும்படி கணவரிடம் கொடுத்துவிட்டேன். அவர் வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறவர். நான் எழுதியதை என்றைக்கும் திறந்து பார்த்ததில்லை.

வழியில் ஆமிச் சென்றியில் அவரை மறித்துத் திறந்து பார்த்தார்கள். அந்த நாட்களில் எங்கள் எல்லோருடைய வாயிலும் கொத்தணி என்றால் விழும்போது பலவாகச் சிதறும் கொத்துக் குண்டுதான். வன்னியில் விழுவதைப் பற்றி ஊரே அப்படித்தான் குசுகுசுத்தது. தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரு சிப்பாய்க்கு அந்தக் கொப்பியைப் பார்த்து வேறென்ன தோன்றும்? எழுதும்போது எனக்குத் தோன்றாமல் போனதுதான் வெட்கக்கேடு. படித்தவள் என்ற மிதப்பு.

கணவரை முகாமில் வைத்திருக்கிறார்கள் என்று பின்னேரம் செய்தி வந்தது. அப்படிக் கொண்டுபோகப்பட்டவர்களில் சிலர் திரும்பி வரவேயில்லை. பங்குச் சுவாமியைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். வழி நெடுக அவர் செபமாலை சொன்னார். நான் என்னையே திட்டிக்கொண்டு போனேன்.

அதிகாரி இளவயதுக்காரர். சுவாமி சிங்களத்தில் எடுத்துச் சொல்ல, நான் மேசைக்கு முன்னால் நின்று பாடம் நடத்தினேன். அந்த வெள்ளிகள் ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்தவை, ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு மேல் வயதானவை என்றேன். வானியலாளர்கள் நிறத்தையும் பிரகாசத்தையும் அளந்து அந்த வயதைக் கணிக்கிறார்கள். நீலமாக வேகமாய் எரிந்தவை எப்போதோ முடிந்துபோயின, மிஞ்சியவற்றில் பளிச்சென்று தெரிபவை சிவந்த கிழடுகள், புதிதாக ஒன்று பிறக்க அங்கே வாயு இல்லை என்றேன். உள்ளே எங்கோ கணவர் இருக்க, என் குரல் வகுப்பில் போலவே ஒலித்தது எனக்கே அருவருப்பாக இருந்தது.

அதிகாரி முழுவதையும் கேட்டுவிட்டு, காட்டச் சொன்னார்.

முற்றத்துக்கு வந்தோம். முகாமின் பெரிய விளக்குகளில் தெற்கு வானம் வெளிறிக் கிடந்தது. பயத்தை எரிச்சல் முந்திக்கொண்டது.

"லைற் எல்லாத்தையும் நிப்பாட்டச் சொல்லுங்கோ சுவாமி. இல்லாட்டி ஒண்டும் தெரியாது," என்றேன்.

அதிகாரி சற்று யோசித்துவிட்டுக் கட்டளையிட்டார். முகாம் முழுவதும் இருண்டது. சுற்றிலும் சிப்பாய்கள் துவக்குகளைத் தயார்செய்யும் ஓசை கேட்டது. கண் இருட்டுக்குப் பழகும்வரை காத்து நின்றோம். பிறகு நான் விரலால் காட்டினேன். அவர் தன் பைனாக்குலரில் நெடுநேரம் பார்த்தார். சுளகில் ஒட்டிய மாவைப் போல அவருக்குத் தெரிந்திருக்கும். பார்த்து முடித்ததும் கொப்பியை என்னிடம் நீட்டி, இனிமேல் இப்படி எழுத வேண்டாம் என்றார். கணவரை விடச் சொன்னார்.

கணவரோடு வீட்டுக்கு வந்தேன். தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். அவர் குடிக்காமல் கோப்பையை மேசையில் வைத்தார். அடித்தார்களா என்று கேட்டேன். இல்லையென்று தலையாட்டினார்.

"திடீரெண்டு லைற் எல்லாம் நிண்டிட்டுது. துவக்குகளை லோட் பண்ணுற சத்தம் கேட்டது. என்னைச் சுடப் போறாங்கள் எண்டு நினைச்சனான். உன்ரை முகத்தை நினைக்கப் பார்த்தன், வரேல்லை."

விளக்கை நிறுத்தச் சொன்னது நான்தான் என்று அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.