நாலு பிளக்குக்கும் மஞ்சள்

எங்கள் வீட்டுக்கு மோட்டார் வந்த நாளில் சித்தூர் ஜில்லா ஆந்திர ராஜ்யத்தோடு போய்ச் சேர்ந்திருந்தது. புத்தூர் பக்கம் இருந்த எங்கள் ஊர் அதோடேயே இருக்குமா, மதராசுக்குத் திரும்புமா என்று ஆண்பிள்ளைகள் விடிந்தால் அடைந்தால் பேசிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரருக்கு மட்டும் மோட்டார்தான் பேச்சு. கரும்பு ஆலை வைத்து வெல்லம் காய்ச்சுகிறவர் அவர். சித்தூரில் ஒரு வயதான வக்கீலிடமிருந்து அந்தச் சின்ன வண்டியை வாங்கிவந்தார். முன்னால் இரண்டு பேர், பின்னால் ஒன்றரைப் பேர் உட்காரலாம். வெல்ல மூட்டை கூட வந்தால் அந்த அரைப் பேர் நான்.

"இஞ்சினில் ஒரு குறையும் இல்லை" என்று சொல்லித்தான் வக்கீல் கொடுத்தார். அவர் சொன்னது பொய் இல்லை. குறை வைத்தவள் நான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏர், மாட்டுவண்டி, கரும்பு ஆலை எல்லாவற்றுக்கும் நான் மஞ்சள் பூசி, பொட்டு வைப்பது வழக்கம். மோட்டாரை மட்டும் விடுவேனா? நாலு சக்கரத்துக்கும் வைத்தேன். அப்புறம் மனசு கேட்கவில்லை. சாமி உள்ளே இருக்கும்போது கோபுரத்தோடு திரும்பி வரலாமா? முன்பக்க மூடியைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே இஞ்சினுக்கு நெருப்புப் பொறி கொடுக்கிற நாலு பிளக்குகள் வெள்ளைக் கழுத்தோடு வரிசையாக நின்றன. எங்கள் கொல்லையில் வேப்பமரத்தடியில் கன்னிமார் கற்கள் நிற்குமே, அதே மாதிரி. எனக்குக் கை தானாகக் குவிந்துவிட்டது. ஒரு செம்பு தண்ணீர் தெளித்துக் கழுவி, நாலுக்கும் மஞ்சளைக் குழைத்துப் பூசி, குங்குமம் வைத்து, கனகாம்பரம் சுற்றினேன். அதிலிருந்து வாராவாரம் நடந்தது.

சனிக்கிழமை காலையில் மோட்டார் கிளம்பாது. அவர் முன்னால் நின்று கம்பியைச் சுற்றுவார், வியர்ப்பார், அதன் அம்மாவைத் திட்டுவார். உச்சி வெயில் ஏறினதும், ஒன்றுமே நடக்காததுபோல் இருமிக்கொண்டு கிளம்பும். மூடியைத் தூக்கிப் பார்க்க அவருக்கு அந்தஸ்து இடம் கொடுக்காது. "ஓட்டறவன் ஓட்டணும், பாக்கறவன் பாக்கணும்" என்பார்.

பார்க்கிறவர் திருப்பதியில் இருந்த மேஸ்திரி. திங்கட்கிழமை அவர் பட்டறைக்குப் போனால் இதே மாதிரிச் சின்ன மோட்டார் வைத்திருந்த இன்னும் இரண்டு பேர் அங்கே இருப்பார்கள். ஒருவர் டாக்டர், ஒருவர் ரைஸ்மில்காரர். கலியாண வீட்டில் சம்பந்தியைக் குறை சொல்கிற மாதிரி மூன்று பேரும் உட்கார்ந்து இஞ்சினைக் குறை சொல்வார்கள். நான் பின்சீட்டில் முக்காடு போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன்.

"என் வண்டி இறக்கத்துலதான் கிளம்பும். அதனால மேட்டுல வூடு கட்டிக்கினவங்களுக்குத்தான் நான் வைத்தியம் பாக்கறேன். பள்ளத்துல கீறவங்க தானா பொழச்சிக்கறாங்க" என்பார் டாக்டர்.

"என்னுது ஆரன் அடிச்சா நின்னுடுது. எருமை குறுக்க வந்தா எறங்கிப் போயி, கொஞ்சம் நவுரும்மான்னு கேட்டுக்கினு வரேன்" என்பார் ரைஸ்மில்காரர்.

"என்னுது சனிக்கிழமை மட்டும் கிளம்பாது" என்றார் இவர்.

"பெருமாளுக்கு விரதம் இருக்குது போல. துன்னாம எப்படிய்யா ஓடும்?" என்று ரைஸ்மில்காரர் சிரித்தார். "இல்லன்னா எந்த ராஜ்யத்துல ஓடறதுன்னு அதுக்கும் இன்னும் முடிவாகல போல!"

மேஸ்திரி மூடியைத் தூக்குவார். பிளக்கில் காய்ந்திருக்கிற மஞ்சளைப் பார்த்ததும் பயபக்தியோடு தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். பிறகு துணியால் நாலையும் துடைப்பார். வண்டி ஒரே சுற்றில் கிளம்பும். "இஞ்சின் பாகுந்தி அண்ணா. ஏமீ லேது" என்பார். இஞ்சின் நன்றாகத்தான் இருக்கிறதாம், ஒன்றும் இல்லையாம். எதைத் துடைத்ததால் நன்றாக ஓடியது என்று அவருக்கும் தோன்றவில்லை. பூசையை யார் சந்தேகப்படுவார்கள்?

மேஸ்திரி ஒன்றும் இல்லை என்று சொல்லச் சொல்ல, வக்கீல் ஏதோ பெரிய குறையை மறைத்து விற்றுவிட்டார் என்று இவருக்குத் தீர்மானமாகிவிட்டது. சித்தூர் கோர்ட்டுக்கு எதிர் டீக்கடையில் போய் நாலு பேர் கேட்க, "அந்த வக்கீல் பொய்யன், செத்த இஞ்சினை எந்தலைல கட்டிட்டான்" என்று கத்திவிட்டு வந்தார். வக்கீல் காதுக்கு அது போயிற்று. மானஸ்தர். "செவ்வாய்க்கிழமை காணிப்பாக்கம் வாங்க. பிள்ளையார் முன்னால சத்தியம் பண்றேன்" என்று சொல்லி அனுப்பினார். அங்கே குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு நின்று சத்தியம் செய்ய வேண்டும். பொய் சொன்னவன் உருப்படமாட்டான் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் பயம்.

அதற்கு முந்தின நாள் திங்கட்கிழமை. வழக்கம்போல் பட்டறையில் இருந்தோம். டாக்டர் வண்டி ஆற்றைக் கடக்கும்போது நனைந்து நின்றுவிட்டதாம். மேஸ்திரி அவருக்குப் பிளக்கைக் காட்டிச் சொன்னார்: "டாக்டர்காரு, இந்த நாலு மேல ஈரம் படக் கூடாது. ஒரு சொட்டு போதும், இஞ்சின் சச்சிப்போதுந்தி."

செத்துப்போய்விடுமாம். ஒரு சொட்டா? நான் வாராவாரம் ஒரு செம்பு ஊற்றுகிறேனே! இவர் அப்போது சோடாக் கடையில் நின்று வக்கீலை வைதுகொண்டிருந்தார்.

மறுநாள் காணிப்பாக்கம் போகிற வழியெல்லாம் சொல்லப் பார்த்தேன். அவரிடம் நான் வாயைத் திறப்பதே சோறு போடும்போதுதான்.

"ஏங்க..." என்றேன்.

"இன்னாமே, பசிக்குதா?" என்று கார்வேட்டிநகரத்தில் நிறுத்தி முறுக்கு வாங்கிக் கொடுத்தார். தின்று முடித்து மறுபடி "ஏங்க, அந்த இஞ்சினு..." என்றேன். "இஞ்சின் சூடு காலுக்கு அடிக்குதா? காலைத் தூக்கி மேல வெச்சிக்கோ" என்றார். சித்தூர் தாண்டியதும் இன்னொரு தடவை வாயெடுத்தேன். புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி, "சீக்கிரம் போய்ட்டு வா" என்று அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நானும் போய் மரத்தின் பின்னால் சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

கோயில் குளத்தில் வக்கீல் ஏற்கெனவே முழுகிவிட்டு, வேட்டி உடம்போடு ஒட்டச் சந்நிதி முன்னால் நடுங்கிக்கொண்டு நின்றார். சத்தியத்தை வேடிக்கை பார்க்கப் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். அர்ச்சகர் சூடம் ஏற்றினார்.

"சொல்லுங்க. இஞ்சின்ல குறை இல்லன்னு சொல்லுங்க" என்றார் இவர்.

வக்கீல் வாயைத் திறந்தார், மூடினார். "அதுல ஒரு சங்கடம் இருக்குது. நாலு வருஷத்துல அந்த மூடிய நான் ஒரு நாளும் தொறந்து பாத்ததில்ல. கண்ணால பாக்காததுக்கு எப்படிச் சத்தியம் பண்றது?"

"பாத்தீங்களா! பயம் வந்துடுச்சி!" என்று இவர் கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தார். கூட்டம் 'ஓ' என்றது. ஒருவன், "வக்கீலு மாட்டிக்கினாருடா" என்றான். அந்தப் பெரியவர் முகத்தை நான் பார்த்தேன். உண்மைக்குப் பயந்து வாயை மூடிய மனிதர், பொய்யன் என்று பேர் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகப் போகிறார்.

ஆண்பிள்ளைகள் முன்னால் பேச எனக்கு நாக்கு எழாது. ஆனால் பிள்ளையாரிடம் தினமும் பேசுகிறவள்தானே? விறுவிறு என்று படியிறங்கிக் குளத்தில் முழுகினேன். புடவை சொட்டச் சொட்டச் சந்நிதியில் போய் நின்றேன்.

அர்ச்சகர் திகைத்துப்போய், "ஏமம்மா, பிரமாணமா?" என்றார்.

யாரையும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன். "பிள்ளையாரப்பா! வக்கீலய்யா மேல தப்பு இல்ல. வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம நான்தான் மூடியத் தொறந்து, இஞ்சினுக்குத் தண்ணி ஊத்தி, நாலு பிளக்குக்கும் மஞ்சள் பூசினேன். பூவும் வெச்சேன். அது கிளம்பாததுக்குக் காரணம் நான்தான்!"

 அர்ச்சகர்தான் முதலில் சிரித்தார். சூடத் தட்டு ஆடியது.

"இதை ஏம்மே எங்கிட்ட சொல்லல?" என்றார் இவர். குரல் கீச்சென்று வந்தது.

"கேஸ் முடிஞ்சிடுச்சி" என்றார் வக்கீல், குளிரில் பல் தந்தியடிக்க இவர் பக்கம் திரும்பி. "ஆனா நாயக்கரே, என்னைப் பொய்யன்னு நீங்க சொன்னது இங்க இல்ல. எங்க சொன்னீங்களோ அங்க வந்து மாத்திச் சொல்லணும்."

 இவர் நனைந்த வக்கீலை முன்சீட்டிலும், நனைந்த என்னைப் பின்சீட்டிலும் ஏற்றிக்கொண்டு நேரே சித்தூர் கோர்ட்டு டீக்கடை முன்னால் போய் வண்டியை நிறுத்தினார். இறங்கி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "ஐயா இஞ்சின் சுத்தம். தப்பா பேசினது நான். எங்க வூட்ல பக்தி கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சி."

பக்தி எப்படி இருக்கும் என்று பார்க்கக் கடை முழுக்க எழுந்து வந்து ஜன்னல் வழியாக என்னை எட்டிப் பார்த்தது. ஈர முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொண்டேன்.

"எம்மா, எங்க வூட்டு மாடு ஒண்ணு எழுந்துக்கவே மாட்டேங்குது. அதுக்கும் நீதான் மஞ்சள் பூசினியா? தொடச்சா எழுந்துக்குமா?" என்று ஒருவன் கேட்டான்.

"தள்ளுங்கப்பா" என்று வக்கீல் அவர்களை விலக்கிக்கொண்டு வந்தார். அவர் வேட்டியிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு டம்ளர் டீயை ஜன்னலில் நீட்டினார். "குடிம்மா. உன்ன மாதிரி ஒரு சாட்சி எனக்கு இத்தனை வருஷத்துல கெடைக்கல."

அத்தனை ஆண்பிள்ளைகள் பார்க்க டீக்கடை டீ குடித்தது எனக்கு அதுதான் முதல் தடவை. சர்க்கரை அதிகமாக இருந்தது. முழுசும் குடித்தேன்.